கரையைக் கடந்த பிறகு

2024 நவம்பர் கடைசி வாரத்தில் திருவண்ணாமலையில் பேச்செல்லாம் தீபத்தைப் பற்றித்தான். டிசம்பர் 4 கொடியேற்றம், 13 மகா தீபம். தற்காலிகப் பேருந்து நிலையங்களுக்கு இடம் சீர்செய்தாக வேண்டும், கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், விடுதிக்காரர்கள் வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம். டீக்கடையில் அதைப் பற்றி எழுந்த கேள்வி ஒன்றே ஒன்று: கொடியேற்றத்தன்று மழை இருக்குமா? மற்றபடி புயல் கடலூர்க்காரர்கள் கவலை. நமக்கு இரண்டு நாள் தூறல், பிள்ளைகளுக்கு லீவு.

ஊரைக் குறை சொல்ல முடியாது. 2011இல் தானே, 2016இல் வர்தா, 2020இல் நிவர், 2022இல் மாண்டஸ். எங்கள் ஊர் நினைவில் இவையெல்லாம் வெறும் மழை நாட்கள். கடற்கரையில் இருப்பவர்கள் வயதையும் கல்யாணத்தையும்கூட இவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள்.

வந்த புயலும் லேசில் பிடி கொடுக்கவில்லை. இது புயலாக மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்துவிடும் என்று நவம்பர் 28ஆம் தேதி வானிலை மையம் சொன்னது. மறுநாள் பிற்பகல் புயலாகிவிட்டது. ஃபெஞ்சல் என்று பெயர். சவுதி அரேபியா கொடுத்துவைத்திருந்த பெயர். நகர்வதும் நிற்பதும் மறுபடி நகர்வதுமாக அது இழுத்தடித்ததில், டிவி பார்த்தவர்களுக்கே சலிப்பு வந்துவிட்டது. ‘வருதா வரலியா, சொல்லித் தொலைங்கப்பா’ என்கிற மனநிலை.

அதே நாட்களில் கடலோரத்தில் யாருக்கும் சலிக்கவில்லை. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற ஊர்களில் புயல் வருகிறதென்றால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடும். ஃபைபர் படகின் மூக்கில் வடத்தைக் கட்டி டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுப்பார்கள். இன்ஜினைக் கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். படகு உடைந்தாலும் இன்ஜின் மிஞ்சும். வலைகளைச் சுருட்டி உயரத்தில் ஏற்றுவார்கள். துறைமுகத்தில் விசைப்படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போய்ச் சேரும். எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். கூண்டு எண் 11 வரை போகும் என்பதும், ஏழைத் தாண்டினால் விளையாட்டில்லை என்பதும் அங்கே பாடப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கே போவது என்பது அவர்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு கட்டிய பாதுகாப்பு மையம், அல்லது பள்ளிக்கூடம், அல்லது உள்ளூரில் சொந்தக்காரர் வீடு. போகலாமா வேண்டாமா என்ற சண்டை ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும். தாத்தாவோ ஆயாவோ கதவைப் பிடித்துக்கொண்டு ‘எத்தனை புயலைப் பார்த்திருக்கேன்’ என்பார்கள். ஆனால் அந்தச் சண்டை நடக்கிறதே, அதுவே ஒரு முன்னேற்பாடுதான்.

நவம்பர் 30, சனிக்கிழமை இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர், அவ்வப்போது 90. தானேயைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய காற்றில்லை. நாங்களும் டிவியை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

கரையைக் கடந்த புயல் வழக்கமாக நிலத்தில் தேய்ந்து, மேற்கே நகர்ந்து கரைந்துபோகும். கடல் நீரின் சூடுதான் அதற்குத் தீனி. நிலத்துக்கு வந்தால் தீனி நின்றுவிடும். ஃபெஞ்சல் நிலத்துக்கு வந்தது, ஆனால் நகரவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய மேல்காற்று வலுவிழந்திருந்ததால், புதுச்சேரிப் பக்கமே மணிக்கணக்கில் சுழன்றுகொண்டிருந்தது. பாதி கடலிலும் பாதி நிலத்திலுமாக இருந்த மேகக் கூட்டம் ஈரத்தை இழுத்து இழுத்து ஒரே இடத்தில் கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். புதுச்சேரியில் 46க்கு மேல். ஞாயிறு பகலில்தான் அது வலுக்குறைந்து மெல்ல உள்ளே நடக்கத் தொடங்கியது. அது நடந்த வழியில்தான் நாங்கள் இருக்கிறோம், கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில். எங்களையும் தாண்டி இன்னும் மேற்கே ஊத்தங்கரையில் மறுநாள் காலைக் கணக்குப்படி 50 சென்டிமீட்டர் பதிவானது. கடலைக் கண்ணால் பார்க்காத ஒரு ஊருக்குப் புயல் கொண்டுவந்து கொடுத்த அளவு அது.

டிசம்பர் 1, ஞாயிறு மாலை. மலையடிவாரச் சரிவில் இருக்கும் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையுமாகச் சரிந்து வந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே ஒரு கணவன் மனைவி, அவர்களுடைய இரண்டு குழந்தைகள், அவர்களோடு இருந்த வேறு மூன்று பிள்ளைகள். ஏழு பேரில் ஐந்து பேர் பிள்ளைகள். மழை விடவில்லை, மேலே இன்னொரு பெரும்பாறை எப்போது வேண்டுமானாலும் உருளலாம் என்ற நிலை. குறுகிய சந்துகள், பெரிய இயந்திரத்தைக் கொண்டுபோக வழியில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் தீயணைப்பு வீரர்களும் மோப்ப நாய்களோடு கையால் மண்ணை வாரி வாரித் தேடினார்கள். திங்கள், செவ்வாய் என இரண்டு நாட்களில்தான் ஏழு உடல்களும் கிடைத்தன. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள்.

ஊருக்கு முதலில் வந்தது துக்கம்கூட இல்லை, நம்ப முடியாமை. நான்கு மாதம் முன்புதான் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்ததைப் பார்த்திருந்தோம். அது மேற்குத் தொடர்ச்சி மலை, தேயிலைத் தோட்டம், அங்கே அப்படி நடக்கும். நீலகிரியில் நடக்கும். அண்ணாமலை? மலையே சிவம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றுகிற ஊர் இது. பக்தியை விடுங்கள், பார்த்தாலே தெரிகிற கருங்கல் மலைதானே, அது எப்படிச் சரியும் என்றுதான் படித்தவர்களும் கேட்டார்கள்.

2,668 அடி உயர மலை முழுக்க ஒரே கல் இல்லை. அடியில் உறுதியான பாறை; அதன் மேல் காலங்காலமாய் வெடித்து உதிர்ந்த மண்; அந்த மண்ணில் பாதி புதைந்தபடி உருண்டைப் பாறைகள். மண் காய்ந்திருக்கும்வரை பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீர் இறங்கி இறங்கி மண் ஊறி, அடியில் இருக்கும் பாறையைத் தொட்டதும் அதற்கு மேல் இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கும். அப்புறம் எண்ணெய் தடவிய தட்டில் வைத்த களிதான். சரிவு செங்குத்தாக இருந்தால், கீழே வீடு கட்டுவதற்காக அடியை வெட்டியிருந்தால், வேலை இன்னும் சுலபம்.

அங்கே ஏன் வீடு கட்டினார்கள் என்று கேட்பது எளிது. பெருங்கோயில் ஊர், பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் கூட்டம், நகருக்குள் நிலத்தின் விலை கூலிக்காரர்களுக்கு எட்டாத இடத்துக்குப் போய் வெகுநாளாகிறது. பூ கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் ஊருக்குள்ளேயே இடம் வேண்டும். மிச்சமிருந்தது சரிவு. தெருவும் மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் வந்துவிட்ட இடத்தில் ஆபத்து இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? மலை ஆக்கிரமிப்பு வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆனால் அந்த வழக்குகளில் கேள்வி இடம் யாருடையது என்பதுதான். எந்தச் சரிவு எவ்வளவு மழை தாங்கும் என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க ஏழு உயிர் போக வேண்டியிருந்தது.

மலையில் மண் சரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில் தென்பெண்ணை ஆற்றில் வேறொரு கதை. ஊத்தங்கரைப் பக்கம் கொட்டிய நீரெல்லாம் எங்கள் மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்குத்தான் வந்தாக வேண்டும். 119 அடி அணை. டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். முன்கூட்டியே திறந்திருக்கலாம், ராத்திரியில் சொல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரித்தோம் என்று அரசு. தண்டராம்பட்டு வட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்று மாதமே ஆன பாலம் அந்த வெள்ளத்தில் போனது. விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. இருவேல்பட்டில் பார்க்க வந்த அமைச்சர் மேல் சேறு வீசப்பட்டது.

தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் கடலூர். கிழக்கே கடலைப் பார்த்துப் படகை மேடேற்றி, இன்ஜினைக் கழற்றி, காற்றுக்குத் தயாராகி, காற்று பெரிதாக இல்லை என்று மூச்சுவிட்டவர்களுக்கு வெள்ளம் மேற்கிலிருந்து, முதுகுப் பக்கமாக வந்தது. ஆற்றோரக் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. அவர்கள் பழகிய எச்சரிக்கை முழுக்கக் கடலைப் பற்றியது. கூண்டு துறைமுகத்தில்தான் ஏறும். அணைக்கும் மலைக்கும் கூண்டு கிடையாது.

இதற்குள் எங்கள் ஊரில் அடுத்த விவாதம் தொடங்கியிருந்தது: தீபம் ஏற்றுவதா? ஏற்றாமல் விடுவது என்ற யோசனைக்கே இங்கே இடமில்லை. மலையேறுவது யார் என்பதுதான் பேச்சு. அரசு புவியியல் வல்லுநர் குழுவை அனுப்பியது. அவர்கள் ஏறிப் பார்த்து, பாதை வழுக்குகிறது, சரிவுகள் இருக்கின்றன, கூட்டத்தை அனுமதிக்க வேண்டாம் என்றார்கள். அனுமதிச் சீட்டோடு மலையேறும் பக்தர்களுக்கு அந்த ஆண்டு தடை. கொப்பரையையும் நெய்யையும் திரியையும் சுமந்துபோகத் தேவையான ஆட்கள் மட்டும் போனார்கள். 13ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏறியது. கோயில் விஷயத்தில் விஞ்ஞானிகள் சொன்னதை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஊர் கேட்டுக்கொண்டதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அது அடிக்கடி நடப்பதில்லை.

திருவிழாவுக்கு மலை எவ்வளவு பேரைத் தாங்கும் என்று கணக்கிட முடிந்த அரசுக்கு, அடிவாரத் தெருக்கள் எவ்வளவு மழையைத் தாங்கும் என்றும் கணக்கிட முடியும். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி என மூன்று மாவட்டங்களுக்கு அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் அப்போது நீலகிரி ஒன்றுதான் பட்டியலில் இருந்தது. அதுதான் நியாயமான முதல் தேர்வும்கூட. எங்களுக்குக் கைப்பேசியில் வருகிற செய்தி மாவட்டத்தின் பெயரையும் ‘கன மழை’ என்பதையும் சொல்லும். கன மழை என்றால் சந்தோஷப்பட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். ஏரி நிரம்பும், கிணறு ஊறும், மல்லாட்டை பிழைக்கும்.

தீபத்துக்கு வருகிற லட்சக்கணக்கானவர்களுக்கு எந்த வழி உள்ளே, எந்த வழி வெளியே, எந்தத் தெருவில் எத்தனை குழாய் என்று மாவட்ட நிர்வாகம் தாளில் எழுதி வைத்திருக்கிறது. வருடாவருடம் அதை நடத்தியும் காட்டுகிறது. அதே ஆட்கள், அதே தாள் போதும். சரிவில் இரண்டு மூன்று இடத்தில் மழைமானி. இத்தனை சென்டிமீட்டர் ஆனால் இந்தத் தெருக்காரர்கள் எழுந்து இந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஐப்பசிக்கு முன்பே தெருமுனையில் எழுதி ஒட்டிவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பள்ளியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கீழே சேர்த்து எழுதிவிட்டால் நல்லது.