ஊதாரி மைந்தனும் வாசலில் நின்ற அண்ணனும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

விவிலியத்தை ஒருமுறையும் புரட்டிப் பாராதவர்கள்கூட ஊதாரி மைந்தன் கதையை எங்கேனும் கேட்டிருப்பார்கள். தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் ஆண்டுதோறும் வாசிக்கப்படும் பகுதி அது. இயேசு பெருமான் கூறிய இவ்வுவமை, நான்கு நற்செய்திகளுள் லூக்கா நற்செய்தியில் மட்டுமே, 15-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தெரிந்த கதைதானே என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நானும் அதைப் பல ஆண்டுகள் பாதிக் கதையாகவே அறிந்திருந்தேன்.

ஒரு தந்தைக்கு இரு மைந்தர்கள். இளையவன் சொத்தில் தன் பங்கைக் கேட்டான். யூதர் வழக்கப்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. ஆகவே இவனுக்கு உரியது மூன்றில் ஒன்று. தந்தை உயிரோடிருக்கும்போதே பங்கு கேட்பது, 'நீர் சாகும்வரை என்னால் பொறுத்திருக்க முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்வது போலாகும். அவரும் கொடுத்துவிட்டார். தூர தேசம் சென்றவன் அனைத்தையும் தொலைத்தான். பஞ்சம் வந்தது. பன்றி மேய்க்கும் வேலை கிடைத்தது. பன்றியைத் தீட்டென்று ஒதுக்கும் யூதன் ஒருவனுக்கு இதனினும் கீழான நிலை உண்டோ? பன்றி தின்னும் நெற்றையும் அவனுக்குக் கொடுப்பாரில்லை.

அங்கேதான் அவனுக்குப் புத்தி தெளிந்தது. இந்தத் தெளிவுக்குக் கிரேக்க மொழியில் 'மெட்டனோயா' என்று பெயர். மனம் மாறுதல் என்பது பொருள். எபிரேய மொழியிலோ 'ஷூவ்' என்பார்கள்; திரும்பி வருதல் என்று பொருள். தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்த பெரியோர் 'மனந்திரும்புதல்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

திரும்பும் வழியில் அவன் தந்தையிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொள்கிறான். பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என மூன்று பகுதிகள். ஆனால் தொலைவில் அவனைக் கண்டதுமே தந்தை ஓடுகிறார். வயதில் முதிர்ந்த ஒருவர் நம் தெருவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர் பார்க்க ஓடினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்நாட்டிலும் அது கௌரவக் குறைவுதான். மகன் முதலிரண்டு பகுதிகளைத்தான் சொல்லி முடித்தான். கூலியாள் பேச்சுக்கு இடமே கிடைக்கவில்லை. நல்ல உடையும் மோதிரமும் செருப்பும் வந்துவிட்டன. செருப்பு பெரிய பொருளா என்று கேட்கலாம். வெறுங்காலோடு நடப்பவர்கள் அடிமைகள். வீட்டுப் பிள்ளைதான் செருப்பு அணிவான்.

திருவரங்கத்திலிருந்து வரும் வகுப்பு நண்பனிடம் இதைச் சொன்னபோது, "எங்க விப்ரநாராயணர் கதையும் இதுதானேடா" என்றான். உண்மைதான். அரங்கனுக்கு நந்தவனம் அமைத்து மாலை கட்டிய அவர், தேவதேவி என்னும் கணிகையிடம் மனத்தையும் பொருளையும் இழந்து தெருவில் நின்றார் என்பது வைணவ மரபு. பள்ளிகொண்ட பெருமாளே அன்றிரவு எழுந்து நடந்தார். கோயில் பொன்வட்டிலை எடுத்துச்சென்று, விப்ரநாராயணர் அனுப்பியதாகச் சொல்லி அவள் வீட்டில் கொடுத்தார். திருட்டுப் பழி விப்ரநாராயணர் மேல் விழுந்தது. அரசன் கனவில் பெருமாள் தோன்றி அப்பழியைத் தாமே ஏற்றார். அதன்பின் அவர் அடியார்களின் காலடித் தூசியாகத் தம்மைக் கருதித் தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஆனார். 45 பாசுரங்களில் திருமாலையும், 10 பாசுரங்களில் திருப்பள்ளியெழுச்சியும் பாடினார். ஊதாரி மைந்தன் வேலையாள் ஆகிறேன் என்றது மகனுரிமை போயிற்று என்ற அச்சத்தால். ஆழ்வார் அடியாருக்கு அடியார் ஆனது ஏற்றுக்கொள்ளப்பட்ட மகிழ்ச்சியால். இந்த வேறுபாடு இருந்தாலும், இரு கதைகளிலும் பெரியவர்தாம் இருந்த இடத்தைவிட்டு வெளியே வருகிறார்.

நான் அறியாதிருந்த மறுபாதி மூத்தவனைப் பற்றியது. வயலிலிருந்து வந்தவன் ஆடல்பாடல் ஒலி கேட்டு, காரணம் அறிந்து, வீட்டுக்குள் வர மறுத்தான். தந்தை அவனுக்காகவும் வெளியே வந்தார்! ஒரே நாளில் இரண்டாம் முறை. 'தம்பி' என்று சொல்ல மூத்தவனுக்கு நா எழவில்லை. உம் மகன் என்றே சுட்டுகிறான். தந்தை தம் மறுமொழியில் அந்தச் சகோதர உறவை அவனுக்கு நினைவூட்டுகிறார். பாவிகளோடு உணவு உண்கிறாரே என்று முணுமுணுத்த பரிசேயருக்குச் சொல்லப்பட்ட உவமை அன்றோ இது? அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை.

இதை எனக்கு விளக்கியது மறையுரை அன்று. என் அப்பா வாழைமண்டியில் சுமை இறக்குபவர். கல்லூரியில் என்னைச் சேர்ப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த 4,000 ரூபாயை எடுத்துக்கொண்டு என் தம்பி திருப்பூருக்கு ஓடிவிட்டான். அப்பா கடன் வாங்கித்தான் என்னைச் சேர்த்தார். எட்டு மாதம் கழித்து ஓரிரவு கதவு தட்டும் ஓசை கேட்டது. திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, உங்க மகன் வந்திருக்கான்" என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" என்பதுதான். என் கையில் பணம் கொடுத்துப் புரோட்டா வாங்கிவரச் சொன்னார்.

வாங்கினேன். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கடைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். என் படிப்புக்கு ஒருநாளாவது இப்படி அவர் மகிழ்ந்ததுண்டா என்று எண்ணி எண்ணிப் புழுங்கினேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தெருக்கோடியில் அப்பா வருவது தெரிந்தது. அருகில் வந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா, கடையில கூட்டமா?"

"இல்லப்பா."

"அவன் இன்னும் சாப்பிடல. அண்ணன் வரட்டும்னு உக்காந்திருக்கான்."

பொட்டலம் ஆறிப்போயிருந்தது. அதை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். அவசரத்தில் புறப்பட்டிருக்க வேண்டும். அவர் காலில் செருப்பு இல்லை.