தைலம் முகர்ந்தால் மூக்கடைப்பு உண்மையிலேயே விலகுதா?

ஊட்டிக்கு டூர் போனால் வர்க்கியோடு ஒரு பாட்டில் நீலகிரித் தைலமும் வீட்டுக்கு வந்துவிடும். சளி பிடித்தால் கர்ச்சீப்பில் ரெண்டு சொட்டு. ஒரே இழுப்பில் மூக்கு ‘ஜில்’லென்று திறந்த மாதிரி இருக்கும். மாதிரிதான். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நீலகிரியில் ‘கற்பூர மரம்’ என்று சொல்லப்படும் யூகலிப்டஸ், 19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இலையைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். மருந்துத் தரமான தைலத்தில் குறைந்தது 70 சதவீதம் சினியோல் என்ற ஒரே வேதிப்பொருள்தான். தனியாகக் கொதிக்க அதற்கு 176 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால், நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குள்ளேயே வெளியே வந்துவிடும்.

சரி, அந்த ‘ஜில்’ எப்படி வருது? நம் நரம்புகளில் குளிரை உணர டிஆர்பிஎம்8 என்று ஒரு புரதம் இருக்கிறது. பாமில் உள்ள மென்தால் அதைத் தூண்டிவிடும். சினியோலும் ஓரளவு தூண்டும். மூக்குக்குள் வெப்பநிலை குறையவே இல்லை, ஆனாலும் மூளைக்கு ‘குளிருது’ என்று தகவல் போய்விடும். 2021-ல் மருத்துவ நோபல் வாங்கிய டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் மென்தாலை வைத்துத்தான் இந்தப் புரதத்தைத் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். மென்தாலை முகரவைத்துக் காற்றோட்டத்தை அளந்த ஆய்வுகளில், அடைப்பு அப்படியேதான் இருந்தது. மூச்சு லேசானதாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு இந்த ஏமாற்று வேலையால் பெரிய நஷ்டமில்லை. நிம்மதியாகத் தூக்கமாவது வரும். கைக்குழந்தை கதை வேறு. மூக்கருகே மென்தால் பாம் தடவினால் குழந்தையின் மூச்சே சில நொடிகள் நின்றுபோகலாம். சினியோல், கற்பூரம், மென்தால் எல்லாமே கொழுப்பில் கரைபவை. உடம்புக்குள் போனால் மூளையை எட்ட அதிக நேரம் ஆகாது. 5 மில்லிக்கும் குறைவான யூகலிப்டஸ் தைலத்தை விழுங்கிய குழந்தைகளே மயங்கி விழுந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. பூஜை அறைக் கற்பூரம் இன்னும் மோசம்: பார்க்கக் கல்கண்டு மாதிரி இருக்கும், விழுங்கினால் வலிப்பு வரும். ‘நேச்சுரல்தானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

குழந்தை விழுங்கிவிட்டதா? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலிப்பு சில நிமிடங்களிலேயே தொடங்கலாம் என்பதால், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.