வெயிலா, வியாதியா?

அக்கினி நட்சத்திரம் தொடங்கினால் போதும், எங்கள் வீட்டுப் பூனைக்கு மீன் சோறு கூடக் கசந்து விடும். தட்டை மோந்து பார்த்து விட்டு, குளியலறை ஈரத் தரையில் போய் நீட்டிப் படுத்துக் கொள்ளும்.

"யாரோ கண்ணு வச்சுட்டாங்கம்மா, மிளகாய் சுத்திப் போடு" என்பார் என் மாமியார். சுத்திப் போடுவதில் தப்பில்லை. ஆனால், காரணம் வெயில்தான். உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக் கொள்ள, கோடையில் அதற்கு அவ்வளவு சாப்பாடு தேவைப்படுவதில்லை. பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் 38 பூனைகளை நான்கு வருடம் கவனித்து, கோடையில் அவை சுமார் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டதாக 2014ல் வெளியிட்டிருக்கிறார்கள். மார்கழியில் பாருங்கள், கேட்டுக் கேட்டுத் தின்னும். அடுப்படியை விட்டு நகராது.

விடியற்காலையும், விளக்கு வைக்கும் நேரமும்தான் பூனைக்கு வேட்டை நேரம். மதியம் வைத்தால் சீந்தாது, எறும்புதான் மொய்க்கும். அதனால் கோடையில் காலை ஐந்தரைக்கும், பொழுது சாய்ந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறேன். தண்ணீர் மட்டும் மூன்று இடத்தில் எப்போதும் இருக்கும்.

பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்தாலும் சாப்பாடு குறையலாம். தரையில் உருளும், ராத்திரி முழுக்கக் கத்தும். குளிர் நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் இது அதிகம். நம்ம ஊரில் பகல் பொழுது அதிகம் மாறாததால் எந்த மாதமும் வரும். இதைப் போய் அபசகுனம் என்று கல்லெறிகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும்போதோ இரண்டு மடங்கு தின்னும்.

போன வருடம் எதிர்வீட்டுக் கொழுகொழு பூனை சாப்பாட்டையே நிறுத்தியது. "வெயிலுக்குத்தான்" என்று ஐந்து நாள் விட்டு விட்டார்கள். கண்ணும், ஈறும் மஞ்சளான பிறகே தூக்கிக் கொண்டு ஓடினார்கள். பட்டினியில் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து விட்டதாம். பிழைக்கவில்லை. அந்த வீட்டுச் சின்னப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

தோழிகளே, குறைத்துத் தின்பது வேறு, அடியோடு நிறுத்துவது வேறு. ஒரு நாள் முழுக்க எதையுமே தொடாவிட்டால் டாக்டரிடம் காட்டி விடுங்கள். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால், அன்றைக்கே போக வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையில் பூனையையும் பார்க்கிறார்கள். மூடி உள்ள கூடையில் பழைய புடவையை விரித்து எடுத்துப் போனால் பிறாண்டாமல் வரும்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்