கம்பி இல்லாத என்ஜின்

செங்கலடியிலிருந்து பதுளை போகும் ஏ5 வீதியில் கரடியனாற்றைக் கடக்கும் உழவு இயந்திரங்களில் ஒயில் அளவு பார்க்கும் கம்பி இருக்கும். போர்ஷே 911 காரிலோ அது 2009 மாடலோடு போய்விட்டது. உணரி அளக்கிறது, திரை காட்டுகிறது. இதில் நியாயம் உண்டு. சூடு 80 பாகை ஏறினால் ஒயில் ஏறத்தாழ 5 வீதம் விரியும். எட்டு லீற்றர் கொள்ளும் என்ஜினில் அது கிட்டத்தட்ட அரை லீற்றர். குளிர்ந்திருக்கையில் அளந்து நிரப்பினால் மிகையாகிவிடலாம்; மிகையான ஒயிலைச் சுழலும் தண்டு அடித்து நுரையாக்கும், நுரையோ உராய்வைத் தடுக்காது. ஆகவே இத்தகைய காரை நன்றாகச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, கையேடு சொல்லும் முறைப்படியே பார்க்க வேண்டும்.

அப்படியானால் கம்பி தேவையில்லையே என்பார்கள். அளவுக்கு மட்டுமென்றால் சரிதான். ஆனால் கம்பி நுனியில் ஒயில் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எரிபொருள் மணத்தால் வேறொரு கோளாறு தெரியும். திரையில் ஏறும் கோடுகள் இவற்றைச் சொல்வதில்லை. எரிபொருள் கலந்து மட்டம் உயர்ந்தால்கூட அந்தத் திரை, பெரும்பாலும், எல்லாம் நலம் என்றே காட்டும். வயல்காரரின் பழைய இயந்திரம் இந்த ஒன்றில் விலையுயர்ந்த காரை முந்துகிறது.