ஒரு பிரியாணி, ரெண்டு சட்டம்

"ஹலால், கோஷர் ரெண்டும் ஒண்ணுதானே? பன்றி கூடாது, அவ்வளவுதான்!" நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். பாதி சரி. முஸ்லிம்களின் ஹலாலிலும் யூதர்களின் கோஷரிலும் பன்றி கிடையாது, ரத்தம் கிடையாது, தானாகச் செத்த பிராணியும் கிடையாது. மீதிப் பாதி அடுப்படியில் இருக்கு. ஒரு மட்டன் பிரியாணியை எடுத்து, ஸ்டெப் பை ஸ்டெப்பா ரெண்டு சட்டத்திலும் ஓட்டிப் பார்ப்போம்.

முதல்ல ஆடு. ரெண்டுலயும் பாஸ். இதுவே ஒட்டகமா இருந்தா ஹலாலில் ஓகே, கோஷரில் ஃபெயில். அசைபோடணும், குளம்பும் முழுசா பிளந்திருக்கணும் என்பது கோஷர் விதி. ஒட்டகம் ரெண்டாவது கண்டிஷனில் மாட்டிக்கும்.

அடுத்தது அறுப்பு. ரெண்டிலும் கூர்மையான கத்தியால் கழுத்தை அறுக்கணும். ஹலாலில் விவரம் தெரிந்த எந்த முஸ்லிமும் அறுக்கலாம். அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொல்லணும். கோஷரில் இதற்கென்று பயிற்சி பெற்ற 'ஷோஹெத்' மட்டுமே அறுக்கலாம். கத்தியில் சின்னப் பிசிறு இருந்தாலும் செல்லாது; அதனால அறுக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நகத்தில் தடவிப் பார்ப்பார். ஆசி வாசகத்தை வேலை தொடங்கும்போது ஒருமுறை சொன்னால் போதும், ஒவ்வொரு ஆட்டுக்கும் தேவையில்லை. அறுத்தபிறகு நுரையீரலில் கோளாறு இருக்கான்னு செக்கிங் வேற நடக்கும்.

இப்போ கறி. அறுக்கும்போது வழிந்தோடும் ரத்தம்தான் ஹலாலில் தடை. சதைக்குள்ள மிச்சமிருப்பது பிரச்சினை இல்லை. கழுவிட்டு நேரா சட்டியில் போடலாம். கோஷரில் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, உப்புத் தடவி ஒரு மணி நேரம் சரிவான பலகையில் வடியவிட்டு, பிறகு அலசணும். ஈரல்னா உப்பு போதாது, நெருப்பில் வாட்டணும். பின்னங்கால் வழியா ஓடும் பெரிய நரம்பையும் சில வகைக் கொழுப்பையும் நீக்கணும். அந்த வேலை கஷ்டம் என்பதால், பல நாடுகளில் பின்பாதிக் கறியை கோஷர் கடைக்கு வெளியே விற்றுவிடுகிறார்கள்.

இதுவரை தாண்டி வந்த பிரியாணி, தயிரில் கறியை ஊறவைக்கும் ஸ்டெப்பில் காலி! குட்டியைத் தாயின் பாலில் வேகவைக்கக் கூடாது என்ற கட்டளை தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்த விதிதான் கறியும் பாலும் சேரக்கூடாது என்பது. தயிர், நெய், தொட்டுக்க ரைத்தா எதுவும் கூடாது. கோழிக்கும் இதே கதிதான். கறி சாப்பிட்டால் பால் டீ குடிக்க பலர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். ஹலாலில் இந்த விதியே கிடையாது. கொச்சி யூதர்கள் இதற்கு அழகான வழி வைத்திருந்தார்கள்: கறிக்குழம்பில் தேங்காய்ப்பால். பெயரில்தான் பால், சட்டப்படி அது காய்.

கடைசியா பாத்திரம். சூடான உணவின் சாரத்தைப் பாத்திரம் உறிஞ்சும், பிறகு அடுத்த சமையலில் வெளியே விடும் என்பது கோஷர் கணக்கு. அதனால கறிக்கு ஒரு செட், பாலுக்கு ஒரு செட். தப்பா மாறிப்போன உலோகப் பாத்திரத்தைக் கொதிநீரிலோ நெருப்பிலோ மீட்கலாம். மண்பாத்திரம்னா மீட்க முடியாது. ஹலாலில் பொதுவாக அசுத்தம் போகக் கழுவினால் போதும்.

அப்போ கோஷர்தான் எல்லாத்திலும் கறார்னு முடிவு பண்ணிடாதீங்க. மதுவில் ஹலால்தான் கறார். கோஷரில் ஒயினுக்கு இடமுண்டு, யூதர்கள் கையில் தயாரானதா என்பதுதான் கேள்வி. ஒயின் ஊற்றிச் சமைத்த கோஷர் கோழி, ஹலால் ஆகாது. இறாலில் நிலைமை தலைகீழ்: செதிலும் துடுப்பும் இல்லாததால் கோஷரில் அவுட். நம்ம கடலோர முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபி மரபில் தாராளமா சாப்பிடலாம்.

ஒருவர் சாப்பாட்டை மற்றவர் சாப்பிடலாமா? வேதம் அருளப்பட்டவர்களின் உணவை குர்ஆன் அனுமதிப்பதால், ஹலால் கிடைக்காத ஊரில் கோஷர் கறி வாங்கும் முஸ்லிம்கள் உண்டு. ஒவ்வொரு பிராணிக்கும் இறைவன் பெயர் சொல்லப்படலையேன்னு தவிர்ப்பவர்களும் உண்டு. கோஷர் கடைப்பிடிக்கும் யூதர் ஹலால் கறியை எடுத்துக்கொள்ள முடியாது. இது வெறுப்பு இல்லை. மேலே பார்த்த ஸ்டெப்கள் அதில் நடக்கலை, அவ்வளவுதான்.

நாளைக்கு ஆன்சைட்டிலோ மேல்படிப்பிலோ இவங்க உங்க டீம்மேட்டா இருக்கலாம். வீட்டுக்குக் கூப்பிடும்போது "சைவம் போட்டா சேஃப்"னு நினைப்போம். முஸ்லிம் நண்பருக்குப் பெரும்பாலும் அது சரியா வரும். கறாரா கோஷர் பார்ப்பவருக்கு உங்க குக்கர்லயே சிக்கல் இருக்கு. முழுப் பழம், கோஷர் முத்திரை போட்ட பாக்கெட், பேப்பர் தட்டு இதெல்லாம் கைகொடுக்கும். அதைவிட நல்லது, "உனக்கு எது சரிப்படும்?"னு முன்கூட்டியே கேட்பது. ஒரே மாதிரின்னு நாமே முடிவு பண்ணி இலை போட்டா, வந்தவர் முன்னாடி ரெண்டே வழிதான் இருக்கும்: கொள்கையை விடணும், இல்ல நம்ம மனசை நோகடிக்கணும்.