வாக்கு ஒரு கணக்கு, இடம் ஒரு கணக்கு
பிரிட்டனில் 2024 தேர்தலில் தொழிற்கட்சி பெற்றது ஏறக்குறைய 34 சதவீத வாக்கு. கிடைத்ததோ 650 இடங்களில் 411. தொகுதியில் முந்தியவருக்கே வெற்றி என்ற முறையின் விளைவு இது. ஜெர்மனியில் பொதுவாக 5 சதவீத வாக்கைத் தாண்டும் கட்சிகள், வாக்கு விகிதப்படியே இடம் பெறுகின்றன. ஆகவே கூட்டணி ஆட்சிதான் வழக்கம். கூட்டணி நிலைக்காது என்பார்கள். 2024 நவம்பரில் பெர்லினில் அது உடைந்ததும் உண்மைதான். ஆனால் ஒரே கட்சி பெரும்பான்மையோடு ஆண்ட லண்டனில், 2022 என்ற ஒரே ஆண்டில் மூன்று பிரதமர்கள்! ஆட்சியின் ஆயுளைப் பெரும்பான்மை மட்டும் தீர்மானிப்பதில்லை. விதிகளுக்கும் அதில் பங்குண்டு. ஜெர்மானிய நாடாளுமன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் ஆட்சித் தலைவரான சான்சலரை இறக்க வேண்டுமானால், அடுத்தவரை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அப்படிப் பதவி இழந்தவர் ஒருவரே: 1982இல் ஹெல்முட் ஷ்மிட்.