எதை வைப்பது, எதை விடுப்பது?

தருமபுரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் அங்கு வாழ்கின்றனர். லம்பாடிகளின் முன்னோர் பொதிமாடுகளின்மேல் தானியமும் உப்பும் ஏற்றி, ஊர் ஊராகச் சென்று வாணிகம் செய்தவர்கள். குடித்தனத்தையே மாட்டின் முதுகில் ஏற்றிச் செல்பவருக்கு வேண்டாத பொருள் ஒவ்வொன்றும் சுமையே அன்றோ? ஆயினும் அவர்கள் பழந்துணியை எறிந்துவிடவில்லை. துண்டின்மேல் துண்டு வைத்துத் தைத்தார்கள். கண்ணாடிச் சில்லும் சோழியும் பதித்தார்கள். வண்ண நூலால் பூவேலை செய்து, பாவாடையாகவும் பையாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் சாலைகளும் இருப்புப்பாதைகளும் பெருகின. பொதிமாட்டு வாணிகம் நலிந்தது. நிலைத்த வாழ்க்கை வந்தது, உடையும் மாறிற்று, பூவேலையும் மறையத் தொடங்கியது. சிட்டிலிங்கியில் 1993-ஆம் ஆண்டு மருத்துவப் பணி தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியரின் முயற்சியை ஒட்டி, பின்னர் லம்பாடிப் பெண்கள் 'போர்கை' என்னும் கைவினைச் சங்கத்தை அமைத்தனர். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள். மூத்தோரின் நினைவிலிருந்தும் பழைய ஆடைகளிலிருந்தும் அவர்கள் தையல் முறைகளை மீட்டுக் கற்றார்கள். "இந்தக் கந்தல் இடத்தை அடைக்கிறதே" என்று ஒவ்வொரு வீட்டிலும் அவ்வாடைகளை அடுப்பில் இட்டிருந்தால், அக்கலைக்கு ஆசான் ஏது?

அப்படியானால் எதையும் எறியாமல் குவித்து வைப்பதுதான் முறையோ? அன்று. நான்கைந்து பெண்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் சேர்ந்து தைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்கண்டுகள் சிக்கிக் கிடக்கின்றன. கத்தரிக்கோலைத் தேடுவதிலேயே காலைப் பொழுது கழிகிறது. பாயில் விழுந்த ஊசி குழந்தையின் காலில் தைக்கிறது. மண்தரையில் வைத்த துணியைக் கரையான் அரிக்கிறது. கஞ்சி ஏற்றிய பருத்தியை வெள்ளிப்பூச்சி தின்கிறது. வெயில் படும் சன்னலோரத்து நூல் சாயம் வெளுக்கிறது. முடித்த துணிகளின் எண்ணிக்கைக்கே கூலி கிடைக்குமாயின், தேடிக் கழித்த பொழுதெல்லாம் இழந்த கூலியே ஆகும்.

ஆகவே ஒழுங்கு வேண்டும். ஆனால் பலர் கூடித் தொழில் செய்யும் இடத்தில் ஒருவருக்குக் குப்பையாகத் தோன்றுவது மற்றொருவருக்கு முதற்பொருள். இதை மறந்து ஒருவர் மட்டும் துணிந்து துப்புரவு செய்யப் புகுந்தால், கூடம் தூய்மையாகும், கூட்டுறவு குலையும். எனவே, பிறர் பொருளை அவர் இல்லாதபோது எறியலாகாது என்பது முதல் விதி.

ஒரு நாள் அனைவரும் கூடி, பொருள்கள் யாவற்றையும் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றை நான்காகப் பிரிக்கலாம். நாள்தோறும் வேண்டுபவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எப்போதோ வேண்டுபவை பரணுக்குப் போகட்டும். பழைய பூவேலைத் துணிகளும், வகைக்கொன்றாகத் தைத்த மாதிரிகளும் தனிப்பெட்டியில் இடம்பெற வேண்டும். எதற்கும் உதவாத எஞ்சியவற்றை விடுத்துவிடலாம்.

ஐயத்திற்குரியவற்றை என் செய்வது? சப்பான் நாட்டுத் தொழிற்கூடங்களில் இதற்கு நல்லதொரு வழி உண்டு. வேண்டுவதையும் வேண்டாததையும் பிரிப்பதை அவர்கள் 'செய்ரி' என்பர்; பிரித்ததை உரிய இடத்தில் வைப்பதைச் 'செய்டன்' என்பர். தேவையா என்று ஐயம் எழும் பொருளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டி ஒதுக்கி வைப்பர். குறித்த காலத்திற்குள் அதை யாரும் நாடாவிட்டால் நீக்கிவிடுவர். நம் கூடத்தில் சீட்டுக்குப் பதிலாக ஒரு சிவப்பு நூலே போதும். அடுத்த அறுவடை வரை அது தீண்டப்படாமல் இருந்தால், எல்லாரும் கூடி முடிவு செய்யலாம்.

துணித்துண்டுகளுக்கு ஓர் அளவு வேண்டும். உள்ளங்கையளவும் அதற்கு மேலும் உள்ளவை ஒட்டுவேலைக்கு ஆகும். சிறியவை தலையணைக்குள் அடைக்க ஆகும். ஒரே ஒரு கூடையை வைத்து, அது நிரம்பியபின் பழையதைப் பயன்படுத்தாமல் புதியதைப் போடுவதில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். ஊசிகளைக் காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்க வேண்டும். ஒன்று குறைந்தால், அதைக் கண்டெடுத்த பின்னரே துணியை மடிக்க வேண்டும். பெட்டிகளைக் கல்லின்மேல் உயர்த்தி வைத்து, மழைக்காலம் கழிந்ததும் துணிகளை நிழலில் காற்றாட விரித்து, நம் பாட்டிமார் செய்ததுபோல வேப்பிலையோ வசம்போ இட்டு வைப்பது நன்று.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டியின் கைவேலைத் துணி ஏதேனும் பெட்டியின் அடியில் கிடக்கலாம். பெட்டியை ஒழிக்கும் நாளில், அதை எறிவதற்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்யும் முறை இன்று நம்மில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்பது விடையானால், அது குப்பையன்று. நீங்கள் இன்னும் படிக்காத பாடநூல்.